ஊதியம் பெறும் மாணாக்கர்



சம்பளம் என்னும் சொல்லை நம் நாட்டார் இரு பொருளில் வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நாம் கட்டும் பணமும் சம்பளம். வேலை செய்து நாம் வாங்கும் பணமும் சம்பளம். முதலாவதைப் பல ஆண்டுகள் கட்டி முடித்த பிறகே இரண்டாவதை வாங்கும் தகுதி வரும் என்பது பொதுவான எண்ணம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள காலம் நெடியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதனை எளிதில் கடந்துவிடுகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையோ நடுவழியில் நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன்: அறிவுக் குறைவால் படிப்பை நிறுத்திய மாணவரைவிடப் பணக் குறைவால் நிறுத்தியவரையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன்.

ஆகவே, கற்கும் காலத்திலேயே ஊதியமும் பெறுகின்ற ஒரு முறையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்குத் தொழில் பழகுநர் பயிற்சி என்று பெயர். எல்லாத் தொழில்களையும் எடுத்துக்கொண்டால் பேச்சு நீளும். ஆதலின் மருத்துவ உதவியாளர் தொழில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். தச்சுப் பட்டறையில் பழகுபவன் கை தவறினால் ஒரு பலகை பாழாகும். மருத்துவ மனையில் பழகுபவன் கை தவறினால் ஓர் உயிர் வருந்தும். செய்து கற்கும் முறை எத்தனை ஒழுங்கோடு நடைபெற வேண்டும் என்பதை அறிய இதனினும் தக்க எடுத்துக்காட்டு இல்லை.

மருத்துவ உதவியாளர் என்பவர் யார்? அவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். மருத்துவரின் சிகிச்சை நிலையத்தில் நோயாளியை முதலில் எதிர்கொள்பவர் அவர். பெயரும் வயதும் குறித்து, எடையும் வெப்பமும் இரத்த அழுத்தமும் அளந்து, மருத்துவர் சொன்னபடி இரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டி, கருவிகளைத் தூய்மை செய்து, மறுமுறை வர வேண்டிய நாளைச் சொல்லி அனுப்புபவரும் அவரே. நம் ஊர்களில் முன்பு கம்பவுண்டர் என்று ஒருவர் இருந்தார். சிவப்பு மிக்ஸரைச் சீசாவில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்த அவரை உங்கள் பாட்டனார் அறிவர். அவர்களுள் பலர் எந்தப் பள்ளியிலும் பயின்றவர் அல்லர். டாக்டரின் பக்கத்தில் நின்று பழகியவர்கள். மருந்து கலந்து கொடுப்பவர் முறையாகப் பயின்று பதிவு செய்துகொண்டவராக இருத்தல் வேண்டும் என்ற கருத்தோடு 1948ஆம் ஆண்டில் பார்மசி சட்டம் பிறந்தது. பக்கத்தில் நின்று பழகுவது மட்டும் போதாது என்பதை நம் நாடு உணர்ந்ததற்கு அச்சட்டம் ஒரு சான்று.

அப்படியானால் பக்கத்தில் நின்று பழகுவதும், முறையாகப் பயில்வதும் ஒன்றாக இணைய வழி உண்டா? உண்டு. ஜெர்மனி நாட்டார் அதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். அங்கே இத்தொழிலில் இருப்போர்க்கு முன்பு 'மருத்துவரின் உதவிப் பெண்' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. 2006ஆம் ஆண்டில் வந்த புதிய ஒழுங்குமுறை அதனை நீக்கி, 'மருத்துவத் துறைப் பணியாளர்' என்று பொருள் தரும் பெயரை வைத்தது. உதவிக்கு நிற்பவர் என்ற நிலை மாறி, ஒரு துறையைக் கற்றவர் என்ற மதிப்பு அப்பெயரிலேயே வந்துவிட்டது அன்றோ?

அப்பயிற்சி மூன்று ஆண்டுகள் நடைபெறும். பழகுநர் ஒரு மருத்துவரின் நிலையத்தில் சேர்ந்து, எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்கிறார். அவ்வொப்பந்தத்தை அவ்வட்டாரத்து மருத்துவர் மன்றம் தன் பதிவேட்டில் ஏற்றுகிறது. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் பாடம். மற்ற நாள்களில் நிலையத்தில் வேலை. பள்ளியில் இருக்கும் நேரத்துக்காக ஊதியத்தைக் குறைத்தல் கூடாது. இடையில் ஒரு தேர்வும் இறுதியில் ஒரு தேர்வும் உண்டு. இறுதித் தேர்வில் சிகிச்சைக்குத் துணை செய்தல், நிலைய நிருவாகம், பொருளியலும் சமூகவியலும் என்னும் மூன்று பகுதிகளில் எழுத்துத் தேர்வும், அதனோடு செய்முறைத் தேர்வும் நடைபெறும். தேர்வை நடத்துவது, பழகுநருக்கு ஊதியம் கொடுக்கும் அதே மருத்துவர் அன்று, மருத்துவர் மன்றம். இது மிகவும் கருதத்தக்கது. பயிற்சி கொடுத்தவரே தம் பயிற்சி நன்று என்று சான்று கூறினால் உலகம் நம்புவது அரிது.

இம்முறைக்கு அடிப்படையாக இருப்பது 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2005இல் திருத்தி அமைக்கப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டம். அதன் விதிகளுள் சிலவற்றை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பழகுநர்க்குத் தக்க ஊதியம் கொடுக்க வேண்டும். அது ஆண்டுதோறும் உயர வேண்டும். 2020ஆம் ஆண்டு முதல், இதற்குக் கீழே இறங்கலாகாது என்று ஒரு வரம்பும் வகுக்கப்பட்டது. அவ்வாண்டில் சேர்ந்தவர்க்கு முதலாண்டு வரம்பு திங்களுக்கு 515 யூரோ. இரண்டாம் ஆண்டில் அதனினும் நூற்றுக்கு 18 பங்கும், மூன்றாம் ஆண்டில் 35 பங்கும் கூடுதல். பயிற்சிக்கு வேண்டிய கருவிகளைப் பயிற்சி கொடுப்பவர் விலையின்றித் தர வேண்டும். பயிற்சியின் நோக்கத்துக்குப் பயன்படும் வேலைகளையே பழகுநரிடம் ஒப்படைக்க வேண்டும். பழகுநர் ஒரு குறிப்பேடு எழுதி வர வேண்டும். என்ன கற்றார் என்பதை அதில் பதிய வேண்டும். பயிற்சியாளர் அதனைப் பார்வையிட வேண்டும். நம் பள்ளியில் வீட்டுப்பாட ஏட்டில் ஆசிரியர் கையெழுத்திடுவது போன்றது இது. அக்குறிப்பேடு இல்லாமல் தேர்வு எழுத இயலாது.

இனி, அப்பழகுநர் கற்பது யாது என்று பார்ப்போம். வெளியிலிருந்து காண்பவர்க்கு அது சிறு வேலையாகத் தோன்றும். இரத்த அழுத்தம் அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றினால் எண் வருகிறது. இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நோயாளி மாடிப்படி ஏறி வந்தவுடன் அளந்தால் எண் உயர்ந்து காட்டும். ஆதலின் ஐந்து நிமிடமேனும் அமர்ந்து இளைப்பாற விட வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். அளக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் தவறான எண் ஏட்டில் ஏறும். மருத்துவர் அந்த எண்ணை நம்பி மருந்து எழுதுவார். நோயாளியோ மருத்துவரை நம்பி அதனை நாள்தோறும் விழுங்குவார். ஒரு பழகுநரின் ஐந்து நிமிடச் சோம்பலுக்கு ஒரு முதியவர் பல திங்கள் விலை கொடுக்க நேரும்.

இரத்தம் எடுப்பதிலும் இவ்வாறே. ஊசியை இரத்த நாளத்தில் செலுத்துவது கைத்திறன்; அதைச் சில வாரங்களில் பழகிவிடலாம். ஆனால் குழாயில் பெயர் ஒட்டுவது ஒழுக்கம். நோயாளியின் பெயரோடு பிறந்த நாளையோ வேறோர் அடையாளத்தையோ கேட்டுச் சரிபார்த்து, அவர் எதிரிலேயே ஒட்ட வேண்டும். பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று நான்கு குழாய்களை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால், முருகேசன் இரத்தம் முனியனுடையதாகிவிடும். பயன்படுத்திய ஊசியை மீண்டும் மூடியில் செருகாமல், துளைபடாத பெட்டியில் அப்போதே போட வேண்டும். இல்லையேல் குப்பை அள்ளும் எளியவர் கையில் அது தைக்கும். ஒரு நோயாளியைத் தொட்ட கையைத் தூய்மை செய்யாமல் மற்றொருவரைத் தொடலாகாது. இங்கே கேட்டதையும் கண்டதையும் வெளியே சொல்லலாகாது. ஜெர்மனியில் மருத்துவரைக் கட்டுப்படுத்தும் இரகசியக் காப்புச் சட்டம், அவரிடம் பயிலும் பழகுநரையும் கட்டுப்படுத்துகிறது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தன் தெருவில் உள்ளவரின் நோயை அறிந்தும் வீட்டில் வாய் திறவாதிருக்கக் கற்றுக்கொள்கிறாள். எந்தப் பாடநூல் இப்பயிற்சியைத் தரும்?

இவை எல்லாம் ஏட்டில் எழுதியிருக்கின்றன. படித்தால் மனப்பாடம் ஆகும். ஆயினும் காத்திருக்கும் நோயாளிகள் முப்பது பேர், அழும் குழந்தை ஒன்று, ஒலிக்கும் தொலைபேசி ஒன்று, இவற்றுக்கு நடுவே அவ்விதிகளைக் கைவிடாமல் இருக்க வேண்டுமே! அது நாள்தோறும் செய்து பழகினால்தான் வரும். பழகுநர் முறையின் சிறப்பு இதுவே. செய்கையும் அதன் காரணமும் ஒரே வாரத்தில் கற்பிக்கப்படுகின்றன. திங்களன்று பள்ளியில் கிருமியைப் பற்றிக் கேட்டவர், செவ்வாயன்று நிலையத்தில் கருவியைக் கொதிநீராவியில் வைக்கும்போது அதன் பொருளை உணருகிறார்.

ஆனால், மாணவர்களே, சம்பளம் கொடுத்து வேலை வாங்குவதெல்லாம் பழகுநர் பயிற்சி ஆகிவிடாது. என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி, நல்ல அறிவினள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஆண்டில் தந்தை காலமானார். குடும்பத்தைத் தாங்க அவள் ஒரு தனியார் மருத்துவரின் நிலையத்தில் சேர்ந்தாள். "வேலையும் கற்றுக்கொள்ளலாம், பணமும் கிடைக்கும்" என்று சொல்லியே சேர்த்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தாள். காலையில் பெருக்குவது, வரிசைச் சீட்டுக் கொடுப்பது, தேநீர் வாங்கி வருவது, பணம் வாங்கிப் பெட்டியில் போடுவது, இவையே பெரும்பாலும் அவள் வேலை. கூட்டம் மிகுந்த நாளில் ஊசி போடவும் விடுவார்கள். எந்த மருந்து, ஏன் அந்த அளவு, யாருக்குக் கூடாது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பின்னர் அந்நிலையம் மூடப்பட்டது. வேறோரிடத்தில் வேலை கேட்டபோது, "என்ன பயின்றாய்? சான்று எங்கே?" என்றார்கள். காட்டுவதற்கு அவள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, மூன்று வருஷம் நான் படித்தேனா, வேலை செய்தேனா என்றே எனக்குத் தெரியவில்லை" என்றாள். அச்சொல்லை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அவள் படிக்கவும் இல்லை. வேலைக்கு ஏற்ற கூலியைப் பெறவும் இல்லை. பயிற்சி என்ற பெயர் மட்டும் நடுவே நின்றது. பின்னர் அவள் முறையான வகுப்பொன்றில் புதிதாகச் சேர்ந்து தொடக்கத்திலிருந்து கற்றாள். ஆயினும் போன மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

ஆகவே மெய்யான பயிற்சிக்கும் போலிப் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொள்வது கடமை. ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டா. அது ஓர் அதிகாரியிடமோ மன்றத்திடமோ பதிவாகிறதா? எந்தத் திங்களில் எதைக் கற்பேன் என்ற பாடத்திட்டம் உண்டா? எனக்குக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றவர் இன்னார் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? திறமை கூடக் கூடத் தொகையும் கூடுமா? இறுதியில் பிறர் நடத்தும் தேர்வும், பிற இடத்தில் செல்லும் சான்றும் உண்டா? இவ்வைந்துக்கும் 'ஆம்' என்ற விடை வருமாயின் அது பயிற்சி. வாராதாயின் அது வேலை. வேலை என்றால் வேலைக்குரிய கூலியைக் கேட்டுப் பெறுங்கள்.

இக்கேள்விகள் நான் புதிதாகக் கண்டவை அல்ல; உலகில் பல நாட்டுச் சட்டங்கள் இவற்றைக் கேட்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1937ஆம் ஆண்டிலேயே தேசியத் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ்ப் பதிவு பெறும் பயிற்சி காலக் கணக்கில் அமைவதாயின், 2,000 மணி நேரத்துக்குக் குறையாத கைப்பயிற்சி இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு 144 மணி நேரம் பாடம் கற்பிப்பது நன்று என்றும் விதித்திருக்கிறார்கள். மருத்துவ உதவியாளர் தொழிலும் அங்கே இம்முறையில் கற்பிக்கப்படும் தொழில்களுள் ஒன்று.

நம் நாட்டிலும் இது புதுமை அன்று. சென்னை மருத்துவக் கல்லூரியின் வரலாற்றை நோக்குங்கள். 1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பொது மருத்துவமனையை ஒட்டி, கவர்னர் சர் பிரெடெரிக் ஆடம் காலத்தில் அது ஒரு பள்ளியாகத் தொடங்கப்பட்டது. மெடிக்கல் அப்ரண்டிஸ் எனப்பட்ட பழகுநரையும், இந்திய மருத்துவ மாணாக்கரையும் பயிற்றுவதே அன்று அதன் நோக்கம். 1850இல்தான் அது கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. பழகுநர்க்கென எழுந்த பள்ளியே பின்னர்ப் புகழ்மிக்க மருத்துவர்களை ஈன்ற கல்லூரியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் 1848 முதல் தம் மருத்துவ நிலையத்திலேயே இளைஞர்களைப் பயிற்றினார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவர் கற்றிருக்க வேண்டும் எனக் கருதி, பின்னர் அப்பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார்; அதற்காக ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழில் ஆக்குவித்தார்.

இன்று நமக்கு 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. அது 1962 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் பெரும்பாலும் எந்திரத் தொழில்களுக்குப் பயன்பட்ட அச்சட்டம், 2014இல் செய்த திருத்தத்தால் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. மருத்துவமனைகளில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்' எனப்படும் பொதுப்பணி உதவியாளர் போன்ற வேலைகளுக்கும் பயிற்சிகள் வகுக்கப்பட்டுள்ளன. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், நிறுவனம் கொடுக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கை, திங்களுக்கு 1,500 ரூபாய்க்கு மிகாமல், நடுவண் அரசு ஏற்றது. 2019இல் திருத்திய விதிகள், கல்வித் தகுதிக்கு ஏற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்த அளவுத் தொகையைக் குறித்தன. இத்தொகைகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. சேரும் நாளில் உள்ள அளவைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

ஒரு நுட்பத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நம் சட்டம் பழகுநரைத் தொழிலாளர் என்று கொள்வதில்லை. பயிற்சி பெறுபவர் என்றே கொள்கிறது. ஆதலின் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அந்நிறுவனமே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவராயின், ஒப்பந்தத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். புரியாத வரியை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஜெர்மனிக்கே சென்று இப்பயிற்சியைப் பெறலாம் என்று சொல்லி, பெருந்தொகை கேட்கும் தரகர்கள் இந்நாளில் உண்டு. அந்நாட்டு முறையில் பயிற்சி கொடுப்பவர் பழகுநருக்குப் பணம் கொடுப்பாரேயன்றி வாங்குவதில்லை என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். அன்றியும், நோயாளியிடம் அவர் மொழியில் பேசுவதே இத்தொழிலின் உயிர். ஜெர்மன் மொழியைச் செம்மையாகக் கற்காதவர்க்கு அங்கே இத்தொழில் கைகூடாது. மொழியைக் கற்பதற்குச் செலவழியுங்கள். வாக்குறுதிகளை வாங்குவதற்குச் செலவழிக்காதீர்கள்.

சிலர், "மருத்துவர் ஆக முடியாதவன் உதவியாளன் ஆகிறான்" என்று இழிவாகப் பேசுவர். அப்பேச்சுக்குச் செவி கொடுக்க வேண்டா. மருத்துவர் எழுதும் மருந்து, உதவியாளர் அளந்த எண்ணின்மேல் நிற்கிறது. அந்த எண் மெய்யாக இருந்தால் மருத்துவரின் அறிவு பயன்படும். பொய்யாக இருந்தால் அவ்வறிவே நஞ்சாகும். காணாத எண்ணை எழுதாதிருத்தல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல், நோயாளி ஏழையாயினும் செல்வராயினும் ஒரே முகத்தோடு எதிர்கொள்ளுதல், இவற்றைப் பழகியவர் எந்தப் பட்டம் பெற்றவர்க்கும் தாழ்ந்தவர் அல்லர்.

உங்களுள் சிலர் இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும், மேலே படிப்பதா, வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுப்பதா என்னும் இக்கட்டில் நிற்பீர்கள். இரண்டில் ஒன்றை வெட்டி எறிந்தே தீர வேண்டும் என்று எண்ணாதீர்கள். இரண்டும் ஒருங்கே செல்லும் வழிகள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்து அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ சென்று கேளுங்கள். நான் சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். விடைகளையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.